தண்டவாளம் தாண்டாத செபமாலை

எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். அந்தக் குற்றத்துக்காகத்தான் எங்கள் அன்பியத்தில் பட்டியல் எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். அன்பியம் என்றால் ஒரே மாதா கோயிலைச் சேர்ந்த பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்களின் செபக் குழு. அக்டோபர் முழுக்க மாதா சுரூபத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, மாலைக்கு ஒரு வீடாகத் தூக்கிப் போவோம். அங்கே கூடிச் செபமாலை சொல்வோம். மறுநாள் மாலை வரை மாதா அந்த வீட்டில் இருப்பார். எந்த நாள் எந்த வீடு என்று எழுதுவது நான்.

நாவலூர் பக்கம் ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. பல்லாவரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளும் அங்கே வேலைக்குப் போனார்கள், வீடுகள் மாடி ஏறின. செபமாலையும் கூடவே ஏறியது. முதலில் சுண்டல் கொடுத்தார்கள். அடுத்த வருடம் ஒரு வீட்டில் பஜ்ஜி, அதற்கடுத்த வருடம் ஒரு புண்ணியவதி ஐஸ்கிரீமே வைத்தாள். கடைசிப் பத்து மணிகள் உருளும்போதே பாதிப் பேரின் கண் சமையலறைப் பக்கம் போய்விடும்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், வரிசை வீடுகளில், எங்கள் அன்பியத்துக் குடும்பங்கள் நான்கு இருந்தன. எல்லோருக்கும் தோல் கம்பெனியில் வேலை. "பாவம், அவங்களுக்கு ஏன் செலவு வைக்கணும்? இங்க வந்து நம்மளோட சேர்ந்துக்கட்டும்" என்றார் அன்பியத்தின் பொறுப்பாளர். பேங்க்கில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், வாய் நிறைய இரக்கம். யாரும் அந்த நான்கு வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. ஸ்கேல் வைத்து நான்கு பெயரையும் நேராக அடித்தேன்.

இப்படியே சில வருடம் போன பிறகு, புதிதாக வந்திருந்த ஃபாதர், வேதம் பரப்புவதைப் பற்றிப் பேசும் மறைபரப்பு ஞாயிறு பிரசங்கத்தில் கொஞ்சம் சூடாகவே பேசினார். மறைபரப்பு என்றதும் ஆப்பிரிக்காவை நினைக்காதீர்கள், முதலில் உங்கள் தெருமுனையைத் தாண்டுங்கள் என்றார். வயிற்றில் பிள்ளையோடு மலைநாடு ஏறி உறவுக்காரி எலிசபெத் வீட்டுக்கு நடந்து போனவர் மாதா என்றார். எல்லோரும் தலையாட்டினோம். பூசை முடிந்ததும் பொறுப்பாளர் ஓடிப்போய், "சூப்பர் ஃபாதர்" என்று கைகுலுக்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவர் பின்னால் நின்று நானும் சிரித்தேன்.

அன்றுதான் அந்த நான்கு வீட்டுப் பெண்களில் ஒருத்தி என்னைக் கோயில் வாசலில் பிடித்தாள்.

"யக்கா, இந்த வருசமாச்சும் மாதாவ எங்க வூட்டுக்கு இட்டுகினு வாங்க. எங்க வூட்டுக்காரரு சைடுல யாரும் வேதத்துல இல்ல, கோயிலு தெரியாது. கண்ணாலம் ஆனதுலேர்ந்து நாத்தனாரு ஒரே கேள்விதான் கேக்குது, உங்க கோயில் ஆளுங்க ஒருத்தராச்சும் உன் வாசல மிதிச்சிருக்காங்களான்னு. அவங்க எல்லாரையும் உக்கார வெச்சி ஒரு தபா செபமாலை சொல்லிக் காட்டணும்க்கா."

முப்பதாம் தேதிக்கு அவள் பெயரை எழுதினேன். பொறுப்பாளர் முகம் சுளித்தார். பிரசங்கத்தின் சூடு ஆறாததால் வாயைத் திறக்கவில்லை.

முப்பதாம் தேதி சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஐந்தரைக்குப் பொறுப்பாளரிடமிருந்து போன் வந்தது. "மேடம், அந்தச் சேத்துல பெட்டியத் தூக்கிட்டுப் போக முடியாது. பெயின்ட் உரிஞ்சிடும். இன்னிக்கும் இங்கயே வச்சிடலாம். அந்தம்மாகிட்ட சொல்லிடுங்க."

அவளிடம் போன் கிடையாது. நடந்தால் பத்து நிமிடம். மழை பார்த்தால் அவளே புரிந்துகொள்வாள் என்று இருந்துவிட்டேன். என் குடை வாசல் கம்பியில் காய்ந்துபோய்த் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் வேலைக்குப் போகிற வழியில் எங்கள் கேட்டருகே வந்து நின்றாள். "நேத்து ஏன்க்கா வரல?" என்று மட்டும் கேட்டாள். மழை என்றேன். "மழையா" என்றாள். அப்படியே வேலைக்குப் போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன். பொறுப்பாளர் மேல் கோபம், ஐஸ்கிரீம்காரி மேல் கோபம், எல்லாவற்றையும்விட என் கையெழுத்தின் மேல் கோபம்.

அன்று மாலையோடு அக்டோபர் முடிகிறது. பாட்டுப் பாடி, பெட்டியை ஊர்வலமாகக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். முதலில் தூக்குவது என் முறை. தெருமுனையில் இடது பக்கம் கோயில். நான் வலது பக்கம் திரும்பினேன்.

"மேடம், கோயில் இந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம் ஒரு வீடு பாக்கி இருக்கு சார்."

மாதா என் கையில் இருந்ததால் வேறு வழியில்லாமல் எல்லோரும் பின்னாலேயே வந்தார்கள். ரயில்வே கேட் மூடியிருந்தது. மின்சார ரயில் போகும்வரை நின்றோம். சேறு என்றார்கள், நாற்றம் என்றார்கள், பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கோ உள்ளுக்குள் ஒரே பெருமை. ஃபாதர் சொன்னதை நான் ஒருத்திதான் செய்கிறேன் என்ற பெருமை.

அவள் வீட்டுச் சுவரில் புதுச் சுண்ணாம்பு. உள்ளே மேசையில் மாதாவுக்கென்று அவளுடைய கல்யாணப் புடவையை மடித்து விரித்திருந்தாள். வாசலுக்கு வந்தவள் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"நேத்து பதினாலு பேரு குந்திகினு இருந்தாங்கக்கா, வாசலயே பாத்துகினு. எட்டு மணி வரிக்கும் நான் சமாளிச்சிகினு இருந்தேன். நாத்தனாரு ஒண்ணும் கேக்கல. சிரிச்சிகினே எய்ந்து போயிடுச்சி. இன்னிக்கி யாருக்குக் காட்ட வந்தீங்க?"

"மழைம்மா..." என்று தொடங்கினார் பொறுப்பாளர். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. என் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"மாதா இருக்கட்டும். நீங்கல்லாம் போங்க."

கதவைச் சாத்திக்கொண்டாள். யாருக்கும் நகரத் தோன்றவில்லை. சற்று நேரத்தில் உள்ளிருந்து அவள் குரல் கேட்டது. செபமாலையில் ஒருவர் மன்றாட்டின் முதல் பாதியைச் சொன்னால், மறுபாதியைக் கூட இருப்பவர்கள் சொல்ல வேண்டும். அவள் முதல் பாதியைச் சொல்லி முடித்தாள். நாங்கள் வெளியே சேற்றில் நின்றபடி பதில் சொல்ல வாய் திறந்தோம். அதற்குள் மறுபாதியையும் அவளே சொல்லிக்கொண்டாள்.