குடை மட்டும் அவர்களுடையது

சேர்மன் குடும்பத்துக்கு அவசரமாக ஒரு தியாகி தேவைப்பட்டார். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. எதிர்த்து நிற்கப்போகிறவரின் தாத்தா ஜெயிலுக்குப் போய்த் தாமிரப் பட்டயம் வாங்கியவர். சேர்மன் வீட்டில் வயல் இருந்தது, தென்னந்தோப்பு இருந்தது, ரைஸ்மில் இருந்தது. ஜெயிலுக்குப் போனவர் மட்டும் இல்லை. போயிருக்க வேண்டியவர்கள் இருந்தார்கள், அது வேறு விஷயம்.

அப்போது நான் கம்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் மதிய இடைவேளையில் சேர்மன் நாலு பேரோடு ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்து என் மேஜைமேல் ஒரு போட்டோவை வைத்தார். எனக்குத் தெரிந்த படம்தான். சுதந்திரத்துக்கு முன்னால் ஒரு பெரிய தலைவர் எங்கள் பக்கம் வந்தபோது எடுத்தது. தலைவர் மாட்டுவண்டியிலிருந்து இறங்குகிறார். பக்கத்தில் ஒல்லியான ஒருவர் கறுப்புக் குடையை உயர்த்திப் பிடித்தபடி நிற்கிறார். நூலகத்தில் பல வருடம் தொங்கிய அந்தப் படத்தை, நகல் எடுத்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப்போன சேர்மன் திருப்பித் தர மறந்துவிட்டார். இந்த ஞாபகமறதி அவருக்குப் புறம்போக்கு நிலத்திலும் உண்டு.

"குடை பிடிச்சு நிக்கிறது எங்க தாத்தா, டீச்சர். ஒரு பக்கத்துக்கு வரலாறு எழுதிக் குடுங்க. தேர்தல் மலர்லயும் போடணும், கல்வெட்டுலயும் வெட்டணும்" என்றார்.

"உங்க தாத்தாதான்னு எப்படித் தெரியும்?"

"அதான் படமே இருக்கே!"

கூட வந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். விசாரித்துவிட்டு எழுதுகிறேன் என்று படத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். விசாரிப்பது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது போல. அடுத்த வாரமே சுருளிப்பட்டி விலக்கில் பிளெக்ஸ் போர்டு ஏறிவிட்டது. குடை பிடித்தவருக்குக் கீழே தாத்தாவின் பெயர், 'தியாகச் செம்மல்' என்ற அடைமொழியோடு. மூலையில் கைகூப்பிய சேர்மன், தலைவரைவிட இரண்டு மடங்கு பெரிதாக.

போர்டு வைத்து நாலைந்து நாள் இருக்கும். சுருளிப்பட்டியிலிருந்து ஓர் அம்மா என் வீட்டைத் தேடி வந்தார். எழுபதை நெருங்கிய வயது. திராட்சைத் தோட்டத்தில் கொத்துக் கொத்தாகப் பார்த்துப் பிஞ்சு கழிக்கிற வேலை. கழிக்கிற கத்தரி இடுப்புச் சுருக்குப்பையிலேயே இருந்தது.

"நீங்கதான் வரலாறு எழுதுறீகளாமே. அந்தப் போர்டுல குடையோட நிக்கிறது எங்கப்பன், டீச்சர்."

உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னேன்.

"எனக்கு வெவரம் தெரியிற வயசுல செத்துப்போனான். மூஞ்சியே மறந்துபோச்சுன்னுதான் நெனச்சிருந்தேன். பஸ்ஸுல போகையில போர்டப் பாத்தேன். எறங்கிட்டேன்."

வீட்டில் அவருடைய அப்பாவின் படம் ஒன்றுகூடக் கிடையாதாம். அவருக்கு வேண்டியதெல்லாம் அந்தப் படத்தில் ஒரு நகல். சேர்மன் வீட்டுக்கே போய்க் கேட்டிருக்கிறார். "எங்க தாத்தாவ உங்கப்பன்னு சொல்லுவியா நீயின்னு சத்தம் போட்டாக. வாசப்படி ஏற விடல" என்றார். தன் அப்பாவின் பெயரையும் சொன்னார்.

உடனே நம்பிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். சின்ன வயதில் பார்த்த முகம், இத்தனை காலம் கழித்து, அதுவும் பஸ் ஜன்னல் வழியாக. ஆனால் சேர்மனை நம்புவதற்கு அந்த அளவுக்குக்கூட முகாந்திரம் இல்லை. உண்மை என்று தெரிந்தால் நானே நகல் போட்டு, பிரேம் பண்ணிக் கொண்டுவந்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

சேர்மனின் அத்தை மார்க்கையன்கோட்டையில் இருந்தார். சேர்மனுடைய அப்பாவுக்கு மூத்தவர். அந்தத் தாத்தாவை நேரில் பார்த்தவர் குடும்பத்தில் அவர் ஒருவர்தான். பெற்ற அப்பாவை நேரில் பார்த்தவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் போனேன். காபி கொடுத்தார்கள். படத்தை நீட்டி, "உங்க அய்யா தலைவருக்குக் குடை பிடிச்ச கதையச் சொல்லுங்க" என்றேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது.

"எந்தக் கிறுக்குப்பய சொன்னான் இத எங்கய்யான்னு?"

"சேர்மன்தான் சொன்னார்."

"இடுப்பப் பாத்தானா அவன்? எங்கய்யா எவன் முன்னாடி துண்ட இடுப்புல கட்டுனாக? இது எங்க பண்ணையில மாடு மேச்சவன்."

அப்போதுதான் நானும் சரியாகப் பார்த்தேன். குடை பிடித்தவரின் துண்டு தோளில் இல்லை, இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. அந்தக் காலத்தில் தோளில் துண்டு போடுகிறவர்கள் நிலம் வைத்திருந்தவர்கள். அவர்கள் எதிரே வந்தால் வேலைக்காரர்கள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். அது தெரியாத பேரன் தன் தாத்தாவைத் தன் வீட்டு வேலைக்காரராக்கி நடுரோட்டில் நிறுத்திவிட்டார்.

"அப்ப உங்க அய்யா எங்க இருந்தாரு?"

"வீட்டுக்குள்ள. வெளிய தலையே காட்டல. வெள்ளக்காரன் காதுக்குப் போச்சுன்னா நெலம் போயிருமுன்னு பயம். ஆனா வார மனுசரு நாளைக்குப் பெரிய ஆளாகிட்டா? அதுக்காகக் குடைய மட்டும் இவன்ட்டக் குடுத்து விட்டாக."

மாடு மேய்த்தவரின் பெயரைக் கேட்டேன். சுருளிப்பட்டி அம்மா சொன்ன அதே பெயர். அத்தைக்குக் கோபம் அடங்கவில்லை. மருமகன் பொய் சொன்னதைப் பற்றி அவருக்கு ஒன்றுமில்லை. கண்டவனைத் தன் அப்பா என்று சொல்லிவிட்டானே என்பதுதான். உண்மை எப்படியெல்லாம் வெளியே வருகிறது என்று நினைத்துக்கொண்டு காபியைக் குடித்து முடித்தேன்.

சேர்மனிடம் அப்படியே போய்ச் சொன்னேன். "அத்தைக்கு வயசாயிருச்சு, ஏதாவது ஒளறும்" என்று சிரித்தார். துண்டு விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. படத்தை மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"குடை உங்க குடும்பத்தோடதுதாங்க. அத நான் இல்லைங்கல. வேணும்னா குடைய மட்டும் கல்வெட்டுல வெட்டிக்கங்க" என்றேன்.

படத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, "தேவதானப்பட்டி ஸ்கூல்ல வரலாறுக்கு ஆளு இல்லையாம். டீச்சருக்கு அந்தத் தண்ணி ஒத்துக்குமா?" என்று அன்பாக விசாரித்தார். கம்பத்துக்கும் அதற்கும் மாவட்டத்தின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமான தூரம். நான் எங்கே போனாலும் படம் மாறாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாறியது. ஒரு வாரத்தில் பழைய போர்டு இறங்கிப் புதிய போர்டு ஏறியது. இடுப்பில் துண்டைக் காணோம். தோளில் கரைபோட்ட வெள்ளைத் துண்டு. கம்ப்யூட்டரில் ஒட்டியவன் அவசரக்காரன் போலிருக்கிறது, துண்டு தோளைத் தொடாமல் கொஞ்சம் அந்தரத்தில் தொங்கியது. மீசை வேறு முறுக்கேறியிருந்தது. நான் எழுத மறுத்த வரலாற்றை, யாருக்கு வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதித் தருகிற ஒரு ரிட்டையர்டு வாத்தியார் எழுதிக் கொடுத்திருந்தார்.

என் கையில் உண்மையான படம் இருந்தது. சேர்மனிடம் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே ஸ்டுடியோவில் நகல் போட்டு வைத்திருந்தேன். அதை பிரேம் பண்ணி எடுத்துக்கொண்டு சுருளிப்பட்டிக்குப் போனேன். உலகத்துக்கே நியாயம் வழங்கப் போகிற மிதப்பில்தான் போனேன்.

அந்த அம்மா கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடிமேல் முகத்தைத் தடவினார்.

"எங்கப்பன்தான்" என்றார்.

பிறகு என்னிடமே திருப்பி நீட்டினார்.

"இது வேணாம், டீச்சர். அந்தா ரோட்டுல புதுசா நிக்கிறான்ல, தோள்ல துண்டோட. அதக் குடுங்க."

"அது பொய்ம்மா. துண்டு அவங்க ஒட்டுனது."

"தெரியும். இடுப்புல கட்டுன துண்டோட எங்கப்பன நெதம் பாத்தவ நானு. செத்தன்னைக்கும் அப்படித்தான் கெடந்தான். தோள்ல போட்டு ஒருநாளாச்சும் பாக்குறேனே."

பிரேம் பண்ணிய படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

தேர்தலில் சேர்மன் ஜெயித்தார். ஜெயிக்காமல் இருப்பாரா? பிளெக்ஸ் கடைக்காரரிடம் போய், தோளில் துண்டு போட்ட அந்தப் படத்தில் சின்னதாக ஒன்று வேண்டும், கீழே பெயர் இல்லாமல் என்றேன். "பேர எடுத்தா சேர்மன் என் கடைய எடுத்துருவாரு டீச்சர்" என்றார். பெயரோடுதான் அடித்துக் கொடுத்தார்.

அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். சுருக்குப்பையிலிருந்து கத்தரியை எடுத்து, அந்த வரியை மட்டும் ஓரம் பிசகாமல் வெட்டினார். படத்தைச் சுவரோரமாகச் சாய்த்துவைத்துவிட்டு, வெட்டிய துண்டைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

"இது அவுக தாத்தா பேருல்ல. அவுகட்டயே குடுத்துருங்க."

திங்கட்கிழமை சேர்மன் ஆபீஸுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.