பின்னோக்கி நடந்தவள்

ஒருவரைக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பதற்குப் பெயர் விருந்தோம்பலா, காவலா? லீதியா அர்காதியெவ்னாவை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. அவளுடைய பிழைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடியது.

கோடைக்காலத்தில் பீட்டர்ஸ்பர்க் துறைமுகத்துக்கு மாடிவீடுகள் போன்ற உல்லாசக் கப்பல்கள் வரும். இறங்குகிறவர்களில் பெரும்பாலோரிடம் ரஷ்ய விசா இருக்காது. உரிமம் பெற்ற சுற்றுலா நிறுவனம் ஒன்றின் சீட்டைக் காட்டினால் விசா இல்லாமலே ஊருக்குள் விடுவார்கள். ஆனால் வழிகாட்டியோடு வந்து வழிகாட்டியோடு கப்பலேற வேண்டும். தனியாகச் சுற்றுவதானால் விசா கட்டாயம். வழிகாட்டியைத் தொலைத்துவிட்டுத் தெருமுனையில் நிற்கும் விருந்தாளி, அந்த நிமிடமே அனுமதியில்லாமல் நாட்டுக்குள் இருக்கும் ஆள் ஆகிவிடுவார்.

எங்கள் சிறிய நிறுவனத்தில் அவள் வழிகாட்டி. நான் வேன் ஓட்டினேன். அவளை மிகச் சிறந்த வழிகாட்டி என்று நான் சொல்லமாட்டேன். எந்த அரண்மனையை எந்த மன்னர் கட்டினார் என்பதில் அவளுக்குக் குழப்பம் உண்டு. ஓவியங்களைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுவாள். ஆனால் ஆட்களைத் தொலைக்கமாட்டாள். அதற்காக அவள் ஒரு பழக்கம் வைத்திருந்தாள். தெருவில் பின்னோக்கியே நடப்பாள். முகம் விருந்தாளிகளைப் பார்த்திருக்கும், கால் பின்னால் போகும். எந்த நடைபாதையில் எந்தக் கல் பெயர்ந்திருக்கிறது என்று அவள் குதிகாலுக்குத் தெரியும்.

"அர்காதியெவ்னா, நீ போற இடத்த ஒருநாளாவது பாத்திருக்கியா? போன இடத்தத்தான் பாத்திருக்க" என்று நான் சீண்டுவேன்.

"நீ ரோட்டப் பாரு, யெகோரிச். ரெண்டு பேரும் பின்னால பாத்தா நேவா நதியிலதான் போய் விழணும்" என்பாள்.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் இருந்தது. ஒரு வருடம், விருந்தாளி ஒருவன் மெட்ரோ ரயிலைப் பார்க்கும் ஆசையில் கூட்டத்திலிருந்து நழுவிவிட்டான். போலீஸ்காரர்கள்தான் பிடித்துக் கொண்டுவந்தார்கள். அவளுடைய அனுமதி அட்டையைப் பறித்துக்கொண்டார்கள். அந்தக் கோடை முழுக்க ரயில் நிலையத்துக்கு வெளியே முட்டைக்கோஸ் அடைத்த பிரோஷ்கி ரொட்டி விற்றாள். இன்னொரு முறை நடந்தால் அட்டை திரும்பவே திரும்பாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

வெனியமின் சவேல்யிச் வந்தது அதற்குப் பிந்திய கோடையில். கனடாவில் கிழவராகிவிட்டவர், ஆனால் பிறந்தது எங்கள் ஊரில். விசாவுக்கு இரண்டு முறை மனுப் போட்டு, பழைய குடியுரிமையைப் பற்றி அவர்கள் கேட்ட அத்தாட்சிகளைத் தேடிச் சலித்துப்போய், கடைசியில் கப்பல் வழியைப் பிடித்திருந்தார். அன்று காலை கப்பலின் ஒலிபெருக்கி, "எங்கள் சுற்றுலாவில் வராதவர்களுக்கு விசா இல்லாமல் அனுமதி இல்லை" என்று முழங்கியிருக்கிறது. வேனில் ஏறியதும் அது நிஜமா என்றுதான் முதலில் கேட்டார்.

"அது பாதி நிஜம். மீதி பாதி நாந்தான்" என்றாள் அர்காதியெவ்னா. "என்கூட இருக்கிற வரைக்கும் உங்களுக்கு விசா வேண்டாம். எங்க போகலாம்? அரண்மனையா, நீரூற்றா?"

"எங்க அண்ணன் வீட்டுக்கு" என்றார் அவர்.

போகிற வழியில் கதை வந்தது. சோவியத் காலத்தில் தம்பி நாட்டைவிட்டுப் போனதும், அண்ணன் பிளாத்தோனை ஆலைக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்தி, அத்தனை பேர் முன்னாலும் தம்பியைத் துரோகி என்று சொல்லச் சொன்னார்கள். அவர் சொன்னார். அதோடு பேச்சு நின்றுபோனது. போன மாதம் தம்பி தொலைபேசியில் அழைத்தபோது அண்ணன் ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம்: "வர்றதுன்னா தனியா வா. சாட்சி வெச்சுக்கிட்டு உன்னப் பத்திப் பேசினது ஒரு தடவ போதும்."



"சாயங்காலம் கப்பல் கிளம்பிடும். எனக்கும் அவனுக்கும் இருக்கிற வயசுக்கு இன்னொரு கோடைய நம்பறதுக்கில்ல" என்றார் கிழவர்.

"கதவு வரைக்கும் நான் வருவேன், வெனியமின் சவேல்யிச். அதுக்குக் குறைச்சு முடியாது. நீங்க காணாமப் போனா என் அட்டை போயிடும். மறுபடியும் பிரோஷ்கி விக்க எனக்குத் தெம்பில்ல."

"கெழவன் எங்கம்மா ஓடப்போறேன்?"

"மெட்ரோ பாக்கப் போனவனும் அப்படித்தான் சொன்னான்."

வேனை வாசல் வளைவுக்குள் விட்டு முற்றத்தில் நிறுத்தினேன். நாலு பக்கமும் சுவர் எழும்பிய, கிணறு மாதிரியான பழைய முற்றம். மூன்றாவது மாடியில் பல குடும்பங்கள் ஒரே சமையலறையைப் பகிர்ந்துகொள்ளும் வீடு. வெயில் நாள் என்பதால் ஜன்னல்கள் திறந்திருந்தன. இருவரும் படியேறினார்கள். மேலே மணி அடிப்பது எனக்குக் கேட்டது. மூன்று முறை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மூன்று. கதவு திறக்கும் சத்தம் இல்லை.

இறங்கி வந்து கிழவர் முற்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். "கதவு ஓட்ட வழியா உங்களப் பாத்திருப்பான்" என்றார், கோபம்கூட இல்லாமல். "சொன்னபடி நான் தனியா வரல. முடிஞ்சுது. கப்பலுக்கே போகலாம்."

அர்காதியெவ்னா மூன்றாவது மாடி ஜன்னல்களை அண்ணாந்து பார்த்தாள். 

"ஏன் மூணு தடவ மணி அடிச்சீங்க?"

"எங்க குடும்பத்துக்கு மூணு. அம்மா காலத்துலேர்ந்து மூணுதான்."

"மணிக்குப் பக்கத்துல எந்தக் குடும்பத்துக்கு எத்தன தடவன்னு பேரோட ஒட்டியிருக்குமே, அதப் பாத்தீங்களா?"

"பொறந்த வீட்டுக் கதவுல எவனாவது பேரப் படிப்பானா?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "நீங்க ஊர விட்டுப் போனப்புறம் அந்த வீட்டுல எத்தன குடும்பம் வந்து எத்தன குடும்பம் போயிருக்கும்! மூணு இப்ப யாரோட மணியோ! அவங்க வேலைக்குப் போயிருப்பாங்க. உங்க அண்ணன் உங்களுக்காகச் சட்டைய மாட்டிக்கிட்டு உள்ள உக்காந்திருப்பார். அடுத்தவன் மணிக்கு அவர் எதுக்கு எழுந்து வரணும்? நீங்களா இருந்தா எழுந்திருப்பீங்களா?"

கிழவர் அவளையே பார்த்தார். "மாட்டேன்" என்றார் மெதுவாக. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த யாரும் எழமாட்டார்கள். அது வன்மம் அல்ல, மரியாதை. கதவுக்கு எதிரிலேயே நின்றும் அர்காதியெவ்னாவும் அந்தப் பெயர்களைப் பார்க்கவில்லை. அவள் கண் முழுக்க விருந்தாளியின் முதுகில் இருந்தது.

அவர் எழுந்தார். படிக்கட்டின் வாசல்வரை போய் நின்று திரும்பினார். தனியாகப் போகட்டுமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் முடியாது என்று சொல்லியிருப்பாள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

"அர்காதியெவ்னா, இந்த மாதிரி வீட்டுல சமையலறைக்குப் பின்னால இன்னொரு படி இருக்கும். அடுத்த தெருவுல போய் எறங்கும்" என்றேன், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"நானும் அப்படிப்பட்ட வீட்டுலதான் பொறந்தேன், யெகோரிச்."

பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கப்பலுக்கு நேரமிருக்கும்போதே வெனியமின் சவேல்யிச் அதே படியில் இறங்கி வந்தார். அவரைவிடக் குட்டையான, அவருடையதைப் போலவே மூக்குள்ள ஒரு கிழவரின் கை அவர் தோளில் இருந்தது. அண்ணனும் வேனில் ஏறித் துறைமுக வேலிவரை வந்தார். வழியெல்லாம் ஊறுகாய்க் காளானுக்கு உப்பு எவ்வளவு என்று இருவரும் சண்டை போட்டார்கள். மறுநாள் வேறு விருந்தாளிகள் வந்தார்கள். அவள் மறுபடியும் பின்னோக்கி நடந்தாள். ஏன் அப்படிச் செய்தாய் என்று ஒருமுறை கேட்டேன். ரோட்டைப் பார்க்கச் சொன்னாள்.

நான் பார்த்தது இவ்வளவுதான். அவர் படிக்கட்டு வாசலில் தயங்கி நின்றபோது, அர்காதியெவ்னா கழுத்தில் தொங்கிய அட்டையை மேல்சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். வளைவு வழியாகத் தெரிந்த தெருவைப் பார்க்கத் திரும்பினாள். அவருடைய காலடி மேலே போய் மறைந்தது. மணி ஒருமுறை, இரண்டு, மூன்று, கொஞ்சம் தயங்கி நான்காவது முறையும் அடித்தது. செருப்பு தேயும் சத்தமும் தாழ்ப்பாள் விலகும் சத்தமும் கேட்டன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி, தெருவில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.