கட் சொல்லாதவரின் கத்திரி

அந்த இயக்குநரை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் மயில் என்றுதான் சொல்வார்கள். பச்சைப் பட்டுச் சட்டை, கழுத்தில் நீலத் துணி, இருட்டறையிலும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி. ஆள் வருவதற்கு முன்பே சென்ட் வாசனை வந்து மூக்கை அடைக்கும். உட்கார சிவப்பு வெல்வெட் நாற்காலி, அதைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே அலைய ஒரு ஆள். மழைக் காட்சி என்றால் தெரு மூழ்க வேண்டும். கோபக் காட்சி என்றால் ஒரு நிலைக்கண்ணாடியாவது நொறுங்க வேண்டும். இந்த அலப்பறையை எல்லாம் இருபது வருஷமாகக் கிட்டத்திலிருந்து பார்த்துக் குமட்டிப் போனவர் அவருடைய எடிட்டர். அவருக்கும் பட்டப்பெயர் உண்டு. கத்திரி.

மயிலின் பெரிய ஜம்பம், தான் 'கட்' சொல்லவே மாட்டேன் என்பது. காட்சி முடிந்த பிறகும் கேமரா ஓடிக்கொண்டே இருக்கும். வசனம் தீர்ந்துபோன நடிகை திருதிருவென்று விழிப்பாள், கையைப் பிசைவாள், கடைசியில் எரிச்சல் தாங்காமல் நிஜமாகவே அழுதுவிடுவாள். மயிலுக்கு வேண்டியது அந்த அழுகைதான். ஒருமுறை ஒரு நடிகையின் அப்பா இறந்த செய்தியை அவளிடம் மறைத்துவைத்து, கேமராவை ஓடவிட்ட பிறகு சொன்னார். அந்தப் படத்துக்கு விருது வேறு கொடுத்துத் தொலைத்தார்கள். "வாழ்க்கை கட் சொல்லுதா? நான் மட்டும் ஏன் சொல்லணும்?" என்பார் பேட்டியில். எதிரே இருப்பவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள்.

அவர் சொல்லாத 'கட்'டுகளை எல்லாம் ஜன்னலில்லாத ஓர் அறையில் உட்கார்ந்து சொன்னவர் கத்திரி. மணிக்கணக்கான குப்பையைக் கிளறி, ஒரு நிமிஷத்துக்குத் தேறுவதைப் பொறுக்கிக் கொடுப்பார்.

"எச்சில் தட்டு கழுவுற பொழப்பு" என்று வீட்டில் வந்து மனைவியிடம் பொருமுவார்.

"அப்ப விட்டுட்டு வாங்களேன்."

"விட்டுட்டு எங்க போறது? மயிலோட ஆளுன்னு முத்திரை குத்திட்டானுங்க. வேற எவன் கூப்பிடுவான்?"

அவள் சிரித்துக்கொண்டே காபியை நீட்டுவாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிடும்.

அந்த மனைவி ஆஸ்பத்திரியில் படுத்தபோது மயிலின் புதுப் படம் பாதியில் இருந்தது. தொண்டையில் குழாய், பேச முடியாது. பகலெல்லாம் மகள்தான் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தாள். கத்திரி வேலை முடிந்து சாயங்காலம் வருவார். அப்படி ஒரு சாயங்காலம், மகள் துணி மாற்ற வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், மயில் பார்க்க வந்தார். ஆளுயரப் பூங்கொத்து, பின்னாலேயே ஒளிப்பதிவாளர்.

"டாக்டர் என்னப்பா சொல்றார்?"

டாக்டர் அன்று மதியம்தான் கையை விரித்திருந்தார். மனைவி தூங்குகிறாள் என்ற தைரியத்தில் கத்திரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். மயில் வாயே திறக்கவில்லை. இந்த மனுஷனுக்குள்ளும் ஒரு மனுஷன் இருக்கிறான், அழ விட்டுவிட்டுச் சும்மா நிற்கிறானே என்று மயிலின்மேல் கத்திரிக்கு முதல் முறையாகக் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. மறுநாள் விடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பியதும், புதிதாக வந்திருந்த காட்சிகளைப் போட்டுப் பார்த்தார். முதல் தடவை எப்போதும் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார். சத்தம் ஏமாற்றும் என்பது அவர் கட்சி. பக்கத்தில் உதவி எடிட்டர் பெண் உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரு ஜன்னல், அதன் முன்னே ஓர் ஆணின் முதுகு. தோள் இரண்டும் தூக்கித் தூக்கிப் போட்டன.

"யாரு இந்த ஆளு? முதுகுலயே இவ்வளவு பிழியணுமா? சரியான ஓவர் ஆக்டிங். தூக்கிடும்மா."

அவள் கையை நகர்த்தவில்லை. "சார்…" என்றாள்.

அப்போதுதான் அந்தச் சட்டைக் காலரைப் பார்த்தார். கிழிந்த இடத்தில் வேறு நிற நூலால் மனைவி போட்ட தையல். திரையில் கேமரா மெதுவாகக் கட்டில் பக்கம் திரும்பியது. அவள் தூங்கவில்லை. லென்ஸை நேராகப் பார்த்தாள். போர்வையிலிருந்து கையைத் தூக்கி, உள்ளங்கையால் காற்றைத் தள்ளினாள்.

கத்திரி எழுந்து குழாயடிக்கு ஓடினார். முகம் கழுவிவிட்டு வந்தால் மயில் உள்ளே நிற்கிறார்.

"பாத்துட்டியா? எப்படி வந்திருக்கு பாரு! இத்தனை வருஷத்துல இந்த மாதிரி ஒண்ணு எனக்குச் சிக்கினதே இல்ல."

"சார், அது என் பொண்டாட்டி."

"தெரியாமலா? அதான் உன் கையில குடுத்தேன். வேற எவன்கிட்டயாவது போனா கெடுத்துடுவான்."

"இது படத்துல வரக்கூடாது சார்."

"உன் முகமே தெரியலப்பா, யாரு கண்டுபிடிக்கப் போறாங்க? அவங்க கண்ணு மட்டும் போதும். அந்தக் கை உறுத்துது. கை தூக்கறதுக்கு முன்னாடி கட் பண்ணிடு."

வாழ்நாளில் கட் என்ற சொல்லையே வாயால் சொல்லாதவர், சாகக் கிடந்தவள் வேண்டாம் என்று தடுத்த இடத்தில் வந்து அதைச் சொன்னார்.

"நீங்கல்லாம் ஒரு மனுஷனா சார்?"

மயில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. "பாரு, நானும்தான் அழறேன்" என்றார். கத்திரிக்கு அந்தக் கண்ணீரைப் பார்த்தபோதுதான் உடம்பெல்லாம் கூசியது. மயிலின் கண்முன்னாலேயே அந்தக் காட்சியை அழித்தார். மயில் அசரவில்லை. தன்னிடம் இன்னொரு காப்பி இருக்கிறது, நீ இல்லாவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டு வெல்வெட் நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னார். கத்திரி வேலையை உதறிவிட்டு வெளியே வந்தார். அவர் கிளம்பும்போது உதவி எடிட்டர் பெண் கேட்காமலே ஒரு பென் டிரைவைக் கையில் திணித்தாள். கையைத் தூக்கும் அந்தத் துண்டை மட்டும் அதில் எடுத்துவைத்திருந்தாள்.

மகளிடம் காட்டக்கூடாது என்றுதான் நினைத்தார். வேலையை ஏன் விட்டீர்கள் என்று அவள் குடைந்தெடுத்ததில் சொல்லவேண்டியதாயிற்று.

"உங்கம்மா எடுக்காதேன்னு சொல்லியிருக்காம்மா. அதையும் வெட்டச் சொல்றான் அந்தப் பாவி."

மகள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள்.

"அப்பா, அம்மா வேணாம்னு சொல்லல. வேணாம்னா விரலை மடக்கிக்குவாங்க. என்கிட்ட தினமும் அப்படித்தான்."

"பின்ன இது என்ன?"

"தள்ளுன்னு சொல்றாங்க. நர்ஸ் யாராவது என்னை மறைச்சுக்கிட்டு நின்னா இப்படித்தான் காட்டுவாங்க." படத்தை நிறுத்தினாள். "கேமராவுக்குப் பின்னாடி, ஜன்னல்கிட்ட நின்னது நீங்கதானேப்பா?"

கத்திரி மறுபடியும் ஓடவிட்டார். அவள் கண் லென்ஸைத் தாண்டி இடப்பக்கமாக எட்டிப் பார்க்க முயன்றது. கை ஒருமுறை தள்ளியது. கேமரா நகரவில்லை. இன்னொரு முறை தள்ளியது. அப்போதும் நகரவில்லை. அப்புறம் கை ஓய்ந்து போர்வைமேல் விழுந்தது.