செருப்பில்லாமல் போன அம்மா

அம்மா செருப்பு போடாமல் வீட்டைவிட்டுப் போனது ஒரு புதன்கிழமை. ஆம்புலன்ஸ்காரர்கள் அவளை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த அவசரத்தில் செருப்பைப் பற்றி யாரும் நினைக்கவில்லை, மகனைத் தவிர. நாற்பதைத் தாண்டிய அந்த மகன், வாசலில் கிடந்த நீலச் செருப்புகள் இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் தெருமுனை வரை ஓடினான். "அம்மா, செருப்பு! காலு சுடும்!" என்று கத்தினான். வண்டி நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிப்போய்த் தோளைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

அந்த வாரம் முடிவதற்குள் அம்மா ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனாள். எல்லாம் முடியும்வரை மகனைப் பக்கத்து வீட்டில் டிவி முன்னால் உட்காரவைத்திருந்தார்கள்.

பிறவியிலேயே அவனுக்கு மூளை வளர்ச்சி குறைவு. மனசு ஐந்து வயதிலேயே நின்றுவிட்டது என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவனோடு ஒரு நாள் முழுக்க இருந்து பார்த்தவர்கள் அதை அப்படியே நம்பமாட்டார்கள். காபி கைக்கு வந்தால்தான் கண்ணைத் திறப்பான். அந்த மிடுக்கைப் பார்த்து அம்மா வைத்த பெயர் 'தொரை'. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இனி பகலில் தொரையை யார் பார்த்துக்கொள்வது? தங்கை காலையில் ஆபீஸுக்குப் போனால் இருட்டுகிற நேரத்தில்தான் திரும்புவாள். மாற்றுத்திறனாளிகளின் வீடுகளுக்கு உதவியாளர்களை அனுப்பும் ஒரு நிறுவனத்தில் சொல்லிவைத்தாள். அப்படி வந்து சேர்ந்தவளைப் பற்றித்தான் இந்தக் கதை.

ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள் அவள். ஆயத்த ஆடைக் கம்பெனியில் பல வருஷம் காலர் மட்டும் தைத்தவள். மாமனார் பக்கவாதத்தில் விழுந்தபோது அவரைத் துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து, வாய்க்கு ஊட்டிய பழக்கம்தான் அவளை இந்த வேலைக்குக் கொண்டுவந்தது. தோளில் எப்போதும் ஒரு பெரிய ரெக்ஸின் பை தொங்கும். கையுறை, துண்டு, நகவெட்டி, ஊசி நூல், பிஸ்கட், மாற்றுச் சட்டை எல்லாம் அதில் இருக்கும். "கட்டில் ஒண்ணுதான் குறை. அதையும் மடிச்சு உள்ள போட்டுக்கோ" என்பார் லாரி ஓட்டும் கணவர். முதல் நாளே தொரை அந்தப் பையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு அவளுக்கு 'பை அக்கா' என்று பெயர் வைத்தான்.

அந்த வீட்டுக்கு வருவதற்குச் சில மாதம் முன்னால்தான் நிறுவனத்தில் ஒரு வகுப்பு நடந்திருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பழக்கம் உண்டு, யாரைத் தொடலாம், யாரைக் கேட்டுச் செய்யவேண்டும், எந்தப் பேச்சு அந்த வீட்டில் ஆகாது என்பதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வேலையைத் தொடங்கவேண்டும் என்று பாடம் எடுத்தார்கள். பை அக்கா கடைசி வரிசையிலிருந்து எழுந்தாள்.

"வேற பாஷைக்காரங்க வீடுன்னா சரிங்க. நம்ம பாஷை பேசுற வீட்டுக்குப் போறதுக்கு எனக்கு எதுக்குங்க பாடம்?"

வகுப்பே சிரித்தது. அவளைத் தொரை வீட்டுக்கு அனுப்பும்போது மேற்பார்வையாளரும் அதையேதான் சொன்னார். "உங்க பாஷைதான் அவங்களும். உங்களுக்கு இது அல்வா சாப்பிடுற மாதிரி."

முதல் நாள் சமையலறைக்குள் இழுத்துவைத்துத் தங்கை கிசுகிசுத்தாள். "அக்கா, அம்மா ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லி வச்சிருக்கோம். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க."

"எத்தனை நாளைக்கு மேடம் சொல்றது?"

"மறந்துடுவான். அப்பா போனப்பவும் இப்படித்தான். ஒரு மாசம் கேட்டான், அப்புறம் விட்டுட்டான்."

அவன் மறக்கவில்லை. தினமும் சாயங்காலம் ஜன்னலோரம் நின்றுகொள்வான். அம்மாவின் செருப்பைத் துடைத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையிலேயே வைத்திருப்பான்.

"அம்மா எங்க?"

"ஊருக்குப் போயிட்டாங்க, தொரை."

"எப்ப வரும்?"

"நாளைக்கு."

'போயிட்டாங்க' என்பதைச் சாதாரணமாகச் சொன்னால் ஒரு அர்த்தம், குரலைத் தாழ்த்திச் சொன்னால் இன்னொன்று. தொரைக்கு அந்தத் தாழ்ந்த குரல் பிடிபடவில்லை. அந்த வீட்டில் எல்லாரும் 'போயிட்டு வரேன்' என்று சொல்லித்தான் படியிறங்குவார்கள். போனவர்கள் வருவார்கள். அவ்வளவுதான் கணக்கு.

கொடுக்கிற ரொட்டியில் பாதியைப் பிய்த்துத் தலையணைக்கு அடியில் வைப்பான். "அம்மாவுக்கு." அது பூஞ்சணம் பிடித்துக் கிடக்கும். பை அக்கா அவனுக்குத் தெரியாமல் எடுத்துப் போடுவாள். அவன் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. ஒருமுறை பிடித்துத் தைத்தாள். கொஞ்ச நாளில் அதுவும் தொளதொளத்துப்போக, மறுபடியும் பிடித்துத் தைத்தாள். ஊசியைத் துணியில் ஏற்றும்போதே, 'இன்னும் எத்தனை தடவைடா உன்னைப் பிடிச்சுத் தைப்பேன்' என்று அவளுக்குள் ஓடியது.

ஒரு மதியம் குருவி ஒன்று ஜன்னல் கண்ணாடியில் மோதி விழுந்தது. தொரை குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தான்.

"செத்துப்போச்சு."

"தூங்குதோ என்னமோ?" என்றாள் பை அக்கா.

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். இதுகூடத் தெரியாதா என்பது போல. "இல்ல. மூச்சு இல்ல. செத்துப்போச்சு. இனி வராது." பழைய செய்தித்தாளைக் கிழித்துக் கொண்டுவந்து குருவியைப் பொட்டலமாகச் சுற்றினான். பூந்தொட்டியில் குழி தோண்டச் சொல்லிப் புதைத்தான். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, செருப்புப் பையை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய் நின்றான்.

தொட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள் பை அக்கா. அவனுக்குச் சாவு தெரிகிறது. டார்ச் லைட் பேட்டரிக்கும், எலிக்கும், குருவிக்கும் அவன் சொல்லும் அந்த ஒரே சொல்லில் தெரிகிறது. மற்ற சொல் எதிலும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் தங்கையிடம் குருவி விஷயத்தைச் சொன்னாள். "அவருக்குத் தெரிஞ்ச வார்த்தையில சொன்னா புரிஞ்சுக்குவார், மேடம். நீங்க சொல்லுங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

தங்கையின் முகம் சுருங்கியது. "அம்மாவைப் போய் அப்படிச் சொல்லச் சொல்றீங்களா? என் வாயில வராதுக்கா. இந்தப் பேச்சை இத்தோட விடுங்க." அதற்கப்புறம் குழாயடியில் நின்று, ஏற்கெனவே கழுவிய டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

பை அக்காவுக்கு அது விளங்கவில்லை. அவள் பிறந்த வீட்டில் தாத்தா செத்துட்டார், அத்தை செத்துட்டா என்றுதான் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவார்கள். அதில் மரியாதைக் குறைவு என்று யாரும் நினைத்ததில்லை. வகுப்பில் எழுந்து கேட்டாளே, நம்ம பாஷைக்கு எதுக்குப் பாடம் என்று. அந்தப் பாடம் இங்கேதான் இருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தால், வாசல் கதவு திறந்து கிடந்தது. ஓடினாள். தெரு முடியும் இடத்தில் ஒரு பஸ் குறுக்காக நின்றது. அதன் முன்னால் தொரை கையை விரித்துக்கொண்டு நின்றிருந்தான். செருப்பு ஒன்று ரோட்டில், இன்னொன்று சக்கரத்துக்குப் பக்கத்தில்.

"இந்த வண்டில அம்மா இருக்கு!"

"வீட்டுல பூட்டி வைக்கமாட்டீங்களா? பிரேக் பிடிக்கலைன்னா இன்னிக்கு நான் ஜெயில்ல" என்று டிரைவர் கத்தினார். வண்டிக்குள் யாரோ சிரித்தார்கள்.

செருப்புகளைப் பொறுக்கிக்கொண்டு, அவனை வீட்டுக்குக் கூட்டிவந்து கட்டிலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"தொரை, இங்க பாருங்க. அம்மா ஊருக்குப் போகலை."

"எங்க?"

"அம்மா செத்துப்போச்சு. அந்தக் குருவி மாதிரி."

அவன் கொஞ்ச நேரம் அவள் வாயையே பார்த்தான். "மூச்சு இல்ல?"

"இல்ல."

"வராது?"

"வராது தொரை."

மடியிலிருந்த செருப்பைத் தடவினான். "காலு?"

"சுடாது. இனிமே சுடாது."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். முடிந்தது என்று அவள் நினைத்தபோது மெல்லக் கேட்டான். "அப்பா?"

அதை அவள் எதிர்பார்க்கவில்லை. அவர் போய் எத்தனையோ வருஷம். இவன் மறந்திருக்கவில்லை, கேட்பதைத்தான் நிறுத்தியிருந்தான்.

"அப்பாவும்தான்" என்றாள்.

"பாப்பா?" தங்கையை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"ஐயோ, பாப்பா ஆபீஸ்ல இருக்கா. சாயங்காலம் வந்துடுவா."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். அந்த அழுகைக்குச் சத்தம் இல்லை, முதுகு மட்டும் குலுங்கியது. பை அக்கா அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் தங்கை ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொன்றைக் கழற்றுவதற்குள் தொரை வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "பாப்பா. அம்மா செத்துப்போச்சு. அப்பா செத்துப்போச்சு."

ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றாள் அவள். "யார் சொன்னது?"

கேட்டுக்கொண்டே பை அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"எங்கம்மா என்ன எலியா, அக்கா? கரப்பானா?"

"பஸ்ஸுக்கு நேரா போய் நின்னுட்டார் மேடம். கொஞ்சம் தப்பியிருந்தா..."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல? ஓடி வந்திருப்பேனே. அது நான் சொல்லவேண்டியது. அழுதாவது என் வாயால சொல்லியிருப்பேன். அதையும் நீங்களே எடுத்துக்கிட்டீங்க."

வாயில் வராது என்று சொன்னது நீங்கள்தானே என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. போன் பையிலேதான் இருந்தது. அது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"நாளையிலிருந்து வரவேண்டாம்" என்றாள் தங்கை.

பை அக்கா பையை மாட்டிக்கொண்டு இறங்கினாள். தொரை வாசல்வரை வந்தான். கண் வீங்கியிருந்தது.

"பை அக்கா, போற?"

"போயிட்டு வரேன், தொரை."

வருஷக்கணக்கில் வந்த பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. தெருமுனையில்தான் உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். அவன் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். திரும்பிப் போய் மாற்றிச் சொல்ல அவளுக்குக் கால் எழவில்லை.

அதற்குப் பிறகு வேறு வீடுகள். சக்கர நாற்காலியில் ஒரு கல்லூரிப் பெண், பார்வை போன ஒரு கணக்கு வாத்தியார். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் நாளே கேட்டுவிடுவாள், "உங்க வீட்டுல இறந்துபோனவங்களை எப்படிச் சொல்லுவீங்க?" என்று. வந்ததும் வராததுமாக இதென்ன கேள்வி என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை என்று காத்திருப்பாள். ஒரு வீட்டில் வேலை முடிகிற நாளில் 'போயிட்டு வரேன்' சொல்வதை விட்டுவிட்டாள். "இனிமே நான் வரமாட்டேன், வேற ஆள் வருவாங்க" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்குவாள். ஒரே ஒருமுறை தொரை வீட்டுத் தெரு வழியாகப் போனாள். ஜன்னலில் யாரோ நிற்பதுபோல் தெரிந்ததும் பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு வேகமாக நடந்துவிட்டாள்.

அடுத்த வருஷம், மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை. கணக்கு வாத்தியாருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது போன் ஒலித்தது. தொரையின் தங்கையுடைய எண். குரல் செய்தி. யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறிப்போய்க் காதில் வைத்தாள்.

முதலில் கரகரவென்று மூச்சு. அப்புறம் தொரையின் குரல், போனை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டதுபோல.

"பை அக்கா செத்துப்போச்சா?"

சற்றுத் தள்ளித் தங்கையின் குரல். "இல்லடா. செத்திருந்தா நான் சொல்லியிருப்பேன்ல? அப்புறமா என் வாயாலயே அப்பாவைச் சொல்லலையா, அம்மாவைச் சொல்லலையா? அக்கா நல்லா இருக்காங்க."

மறுபடியும் தொரை, போனுக்கு இன்னும் நெருங்கி.

"அப்ப ஏன் வரலை?"