பத்தாவது பேர்

கனகாவைப் பற்றி எழுத அருகதை இல்லாத ஆள் இந்த மலையில் ஒருவன் உண்டென்றால் அது நான்தான். ஆனால் நான் எழுதாவிட்டால் நாகலூரில் வேறு யாரும் எழுதப்போவதில்லை. அதனால் பஸ் ஸ்டாப் டீக்கடை அன்வர் எழுதுகிறேன்.

அவள் அப்பா காளியப்பன், எஸ்டேட்டில் காபிக் களத்தைப் பார்த்துக்கொள்பவர். பழத்தை அரைத்துக் கழுவி எடுத்த கொட்டையைக் காயப்போடுகிற சிமெண்டுத் தரை அது. மார்கழி, தை மாதங்களில் கால் வைக்க இடமிருக்காது. மழைக்காலமெல்லாம் சும்மா கிடக்கும். டவுனில் ஒரு பள்ளிக்கு நான் பன் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், அங்கே கழற்றி எறிந்திருந்த கூடைப்பந்து வளையம் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். காளியப்பன் அதைக் களத்து ஓரத்துச் சில்வர் ஓக் மரத்தில் அடித்தார். கனகாவுக்கு அப்போது பத்து வயது. பனி மூடி வளையமே தெரியாத காலையிலும் போடுவாள். உள்ளே விழுந்ததா இல்லையா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள்.

பதினாறில் மாவட்ட அணி. பதினெட்டில் கோயம்புத்தூர் கல்லூரி ஒன்று விளையாட்டுக்காகவே சீட்டும் விடுதியும் கொடுத்தது. எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் அவள். பஸ் ஏற்றிவிட வந்த அவள் அம்மா மாதம்மாள் அழுதுகொண்டே என் கடையில் நான்கு வடை தின்றார். நான் காசு வாங்கவில்லை. அந்த வளையம் நான் கொண்டுவந்தது அல்லவா, எனக்கும் பெருமை.

அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டங்கள் நமக்கு விடிகாலையில் வரும். ஐந்தரைக்குச் சர்க்கரை டப்பாமேல் போனைச் சாய்த்துவைத்தால், வேலைக்குப் போகிற கூட்டம் ஆறரைவரை நின்று பார்க்கும். வெளிநாட்டுப் பெயர்கள் எங்கள் வாயில் நிற்பதில்லை. நாங்களே பெயர் வைத்தோம். ஒல்லியாக உயர்ந்தவன் ஒட்டடைக்கம்பு. தான் ஓடாமல் மற்ற நாலு பேரையும் வேலை வாங்குகிறவன் மேஸ்திரி. குள்ளமாய், கையில் அகப்படாமல் நுழைந்து போகிறவன் சிட்டு. கனகாவுக்குச் சிட்டு என்றால் உயிர்.

ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி பிறக்கும்போது, சீசன் தொடங்குவதற்குமுன், அந்த நாட்டு நிபுணர்கள் யார் பெரிய ஆட்டக்காரன் என்று வரிசைப்படுத்தி வெளியிடுவார்கள். அதை நாங்கள் மதிப்பதில்லை. என் கடைத் தகரக் கதவில் சாக்பீஸால் எங்கள் பத்துப் பேரை எழுதுவோம். அதற்கு ஒரு சட்டம் உண்டு. கிளாஸில் டீ இருக்கிறவரைதான் பேசலாம். தீர்ந்துவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதனால் எல்லாரும் ஆறிப்போன டீயைக் கையில் பிடித்துக்கொண்டு கத்துவார்கள். கனகா கெட்டிக்காரி. அடியில் ஒரு மிடறு டீ ஏடு படிந்து கிடக்க, அரை மணி நேரம் வாதாடுவாள். அப்படி வாதாடியே மேஸ்திரியை ஆறிலிருந்து இரண்டுக்கு ஏற்றியிருக்கிறாள்.

இன்னொரு சட்டம் நான் போட்டது. இந்த வருஷம் ஆட்டத் தரையில் இறங்காதவனுக்குப் பட்டியலில் இடமில்லை. இதில் மட்டும் நான் யாருக்கும் வளைந்து கொடுத்ததில்லை. அதில் எனக்கு ஒரு திமிர்.

போன வருஷப் பொங்கல் லீவுக்கு வந்தவள், கொட்டை காய்ந்துகொண்டிருந்த களத்தில் பாதியைக் கூட்டி ஒதுக்கிவிட்டுப் பந்து போட்டாள். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்பி இறங்கும்போது கூட்டாமல் விட்ட ஒரு கொட்டை காலடியில் உருண்டது. முழங்கால் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். உடனே எழுந்து சிரித்தாள்.

"ஒண்ணுமில்லீங்கண்ணா. சுளுக்கு."

நான் நம்பினேன். அவளும் டேப் சுற்றிக்கொண்டு ஒன்பது மாதம் ஆடியிருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. பொட்டப்புள்ளைக்கு எதற்கு ஆட்டம் என்று கேட்க ஊரில் நாலு பேர் காத்திருந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த ஐப்பசியில் பூஜை விடுமுறைக்கு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, கடையில் ஏழெட்டுப் பேர். ஜீப் ஓட்டும் ரஞ்சித்தான் எழுதிக்கொண்டிருந்தான். பத்தாவதாகச் சிட்டின் பேரை எழுதினான். சிட்டுக்கு அந்தக் கோடையில் குதிகால் நரம்பு அறுந்திருந்தது. ஒரு வருஷம் ஆட்டமில்லை. நான் சாக்பீஸைப் பிடுங்கினேன்.

"இருக்கட்டுமுங்கண்ணா. நாந்தான் எழுதச் சொன்னேன்" என்றாள் கனகா.

"ஆடாதவனுக்கு என்ன கண்ணு எடம்?"

"பத்தாவதாத்தானுங்க கேக்கறேன். மேல கேக்கலியே. ஒரு வருசம் உக்காந்தா ஆட்டக்காரன் இல்லைன்னு ஆயிருமுங்களா?"

"ஆயிரும்."

"ஆப்பரேசன் பண்ணிட்டு வந்தா முன்னமாதிரி ஆடுவானில்லீங்க? நீங்க எத்தன பேரைப் பாத்திருக்கீங்க. சொல்லுங்கண்ணா."

அவள் குரலில் ஏதோ இருந்தது. இப்போது தெரிகிறது. அன்று நான் ஜெயிப்பதில் குறியாக இருந்தேன். ஏழெட்டுப் பேர் வேறு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கத்துக்கிட்டது தலையில இருக்கும் கண்ணு, ஆடறது காலு. காலு போனவனை ஊட்டுக்குப் போயி வேற பொழப்பப் பாக்கச் சொல்லு. அவன் கத முடிஞ்சுது."

கடையே சிரித்தது. ரஞ்சித் விசிலடித்தான். கனகாவின் கிளாஸில் பாதிக்குமேல் டீ இருந்தது. அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளாஸைப் பெஞ்சில் வைத்தாள்.

"செரிங்கண்ணா. முடிஞ்சுதுங்க."

எத்தனையோ வருஷமாக என்னோடு மல்லுக்கட்டியவள் டீயை மிச்சம் பிடிக்காமல் குடித்தது அன்றுதான். அதைக்கூட நான் யோசிக்கவில்லை. கட்டைவிரலால் சிட்டின் பேரை அழித்துவிட்டு வேறொருவன் பேரை எழுதினேன். அவளை வாதத்தில் தோற்கடித்த சந்தோஷத்தில் அன்று எல்லாருக்கும் இன்னொரு டீ கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை மாதம்மாள் வந்தார். டீ கேட்கவில்லை. பெஞ்சிலும் உட்காரவில்லை.

"ஏனுங்க தம்பி, எம்புள்ளகிட்ட என்ன சொன்னீங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் எல்லாம் சொன்னார். லீவுக்கு முந்தின வாரம் வலி தாங்காமல் கல்லூரியில் காட்டியபோதுதான் தெரிந்ததாம், முழங்காலுக்குள்ளே நார் அறுந்திருக்கிறது. உடனே ஆபரேஷன் செய்துகொண்டு ஒரு வருஷம் உட்கார்ந்தால் சீட்டும் விடுதியும் அப்படியே இருக்கும் என்று கல்லூரி கோச் சொல்லியிருக்கிறார். லீவு முடிவதற்குள் முடிவு சொல்ல வேண்டும். காலில் கத்தி வைத்தால் பிள்ளை நடக்காமலே போய்விடுவாள் என்று காளியப்பன் பயந்திருக்கிறார். இன்னொரு பக்கம், பழம் பறிக்கும் சீசனுக்கு ஆள் சேர்க்கும் எஸ்டேட் கணக்குப்பிள்ளை, ரைட்டர் சூசைமாணிக்கம், திங்கட்கிழமைக்குள் பேர் கொடுத்தால் நிரந்தர வேலை என்று சொல்லியிருக்கிறார்.

"நானும் அவங்கப்பனும் சண்ட போட்டுக்கிட்டிருந்தோம். ரெண்டு பேரும் சும்மா இருங்க, ஆட்டம் தெரிஞ்சவரு அன்வரண்ணன் ஒருத்தருதான், அவரையே கேட்டுட்டு வந்தர்றேன்னு போனா. திரும்பி வந்து, கேட்டுட்டேம்மா, அவ்வளவுதான்னா. நேத்து ரைட்டர்கிட்டப் பேரக் குடுத்துட்டா."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் எடுத்து இறக்கவில்லை. அவள் கேட்டது சிட்டைப் பற்றி இல்லை. கூட்டத்தின் நடுவில், வெட்கம் விட்டு, தனக்கு ஒரு இடம் கேட்டிருக்கிறாள். அதுவும் கடைசி இடம்.

களத்துக்கு ஓடினேன். காளியப்பனும் அவளும் சாக்குகளைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரியாது கண்ணு, நான் சொன்னது அவனைத்தான், உன்னை இல்லை என்று கெஞ்சினேன். கோச்சுக்கு நானே போன் போடுகிறேன் என்றேன்.

"தெரிஞ்சிருந்தா மாத்திச் சொல்லிருப்பீங்க. தெரியாமச் சொன்னதுதானுங்கண்ணா நெசம்" என்றாள். கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

அந்தச் சீசன் முழுக்க, சரிவில் ஏறி இறங்கிப் பழம் பறித்தாள். மூட்டையும் தூக்கினாள். தினமும் அவள் கடை வழியாகப் போகும்போது, ஆபரேஷன் செய்துகொள் என்று சொல்லிப் பார்ப்பேன். மாசி மாதம், கால் வீங்கி நடக்க முடியாமல் போன பிறகுதான் சேலத்துக்கு வரச் சம்மதித்தாள். நானும் மாதம்மாளும் கூட்டிப் போனோம். டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்போதே வந்திருந்தால் ஆடியிருக்கலாம், இப்போது உள்ளே தேய்ந்துவிட்டது, இனி ஆபரேஷன் செய்தால் வலியில்லாமல் நடக்கலாம், அவ்வளவுதான் என்றார். மாதம்மாள் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் கனகா ஜன்னலோரம் இருந்தாள். பாதி மலை ஏறியதும் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"மேஸ்திரி இந்த வருசம் எப்படீங்கண்ணா ஆடறான்?"

"நல்லா ஆடறான் கண்ணு" என்றேன். மற்றவர்கள் பார்க்காமல் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டேன்.

சித்திரையில் ஆபரேஷன் நடந்தது. நடக்கிறாள். கல்லூரிச் சீட்டு வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது. அந்தப் பெண்ணாவது நன்றாக ஆடட்டும்.

இதோ இந்த ஐப்பசி. சிட்டு திரும்பி வந்துவிட்டான். பயிற்சி ஆட்டத்தில் பழைய மாதிரியே நுழைந்து நுழைந்து போகிறான். முந்தாநாள் காலை, யாரும் எழுதுவதற்குமுன் நானே தகரக் கதவில் முதல் பேராகச் சிட்டை எழுதினேன். கீழே இன்னொன்றும் எழுதினேன்: அடிபட்டு உட்கார்ந்தவனுக்கும் இடம் உண்டு. ரஞ்சித் ஏதோ கிண்டல் செய்ய வாயெடுத்தவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கினான்.

கனகா இடுப்பில் பறிப்புச் சாக்கைக் கட்டிக்கொண்டு வந்தாள். கதவை மேலிருந்து கீழே முழுக்கப் படித்தாள். நான் கேட்காமலே டீ போட்டேன். கிளாஸ் விளிம்புவரை ஊற்றினேன். அவள் திட்டட்டும், ரொம்ப நேரம் திட்டட்டும் என்றுதான்.

அவள் ஊதி ஊதி, நின்றவாக்கிலேயே முழுவதும் குடித்தாள். காலிக் கிளாஸை என் கையிலேயே கொடுத்தாள்.

"நல்ல சட்டமுங்கண்ணா. போன வருசமே போட்டிருக்கலாமுங்க."

கடைக்கு முன்னால் மூன்று படி. ஒவ்வொரு படியிலும் ஒரு காலை வைத்து, இன்னொரு காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்து, அப்புறம் அடுத்த படி என்று இறங்கி எஸ்டேட் பாதையில் போனாள். நான் அந்தக் கிளாஸைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.