அனுப்பியவர் பெயரையும் சொன்ன காதர் பாய்

என் மூத்த பேரன் வக்கீலுக்குப் படித்துவிட்டுத் தேனி கோர்ட்டுக்குப் போகிறான். அடுத்தவள் நர்ஸ் வேலை பார்க்கிறாள். மகள் வயிற்றுப் பேரன் கணக்குப் பாடத்தில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவது. கடைக்குட்டி ரஞ்சனி மாநிலக் கபடி அணிக்குத் தேர்வாகிவிட்டாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இதையெல்லாம் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ரஞ்சனி சங்கதியை முதலில் உத்தமபாளையம் காதர் பாய்க்குத்தான் சொல்ல வேண்டும் என்று போன் போட்டேன். அவர் மகன் எடுத்தார்.

"அத்தா காலையில மௌத்தாயிட்டாக, பெரியம்மா. டீ கிளாஸைக் கையில வாங்குனவுக அப்பிடியே சாஞ்சுட்டாக."

சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்தேன்.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் எங்கே கபடி நடந்தாலும் மைக் அவர் கையில்தான் இருக்கும் என்பது இங்கே கூடியிருக்கும் உங்களுக்குத் தெரியும். ஆட்டத்துக்கு முன்னால் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஆட்டக்காரரிடமும் போவார். பெயரும் ஊரும் எழுதியபின் இன்னொன்று கேட்பார்: "வீட்டுல உன்னைய அனுப்பிவிட்டது யாரு?" அந்தப் பெயரையும் சேர்த்துத்தான் மைக்கில் சொல்வார். இந்த மும்முரத்தில் பல நாள் பாயிண்ட்டைத் தவறவிட்டு நடுவரிடம் திட்டு வாங்குவார். "பாயிண்ட்டைப் பலகையில பார்த்துக்கிறலாம். பேரை எங்கன போய்ப் பார்ப்பாக?" என்பார்.

அந்தப் பழக்கம்தான் ஒரு நாள் எங்கள் வீட்டில் தீயை வைத்தது.

ரஞ்சனி அப்போது ஒன்பதாம் வகுப்பு. பெண்பிள்ளை அரைக்கால்சட்டை போட்டு ஊர் முன்னால் ஆடக் கூடாது என்று என் மகன் முருகேசன் சொல்லிவிட்டான். ஓடைப்பட்டியில் ஆட்டம் நடந்த அன்று, ஸ்பெஷல் கிளாஸ் என்று அவனிடம் பொய் சொல்லி நான்தான் அவளைக் கூட்டிப்போனேன். மைக்குக் குழாயை வேப்பமரத்தில் கட்டியிருந்தார்கள். அதன் வாய் எங்கள் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்து இருந்ததை நான் கவனிக்கவில்லை.

"அப்பத்தா பேச்சியம்மாள் அனுப்பிவைத்த வீராங்கனை, ரஞ்சனி" என்று காதர் பாய் முழங்கினார். திராட்சைப் பந்தலடியில் கொடி கட்டிக்கொண்டிருந்த முருகேசன் காதில் அது விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டான்: "ஸ்பெஷல் கிளாஸுல இப்ப குழாய் கட்டித்தான் பாடம் நடத்துறாகளா, ஆத்தா?"

"இன்னையோட ஆட்டம் முடிஞ்சுச்சு" என்றான். ரஞ்சனி சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். அடுத்த வாரம் கம்பத்தில் ஆட்டம். அதில் ஆடினால்தான் மாவட்ட அணிக்குப் பார்ப்பார்கள்.

விஷயம் கேள்விப்பட்டு மறுநாளே பாய் வந்துவிட்டார்.

"தம்பி, பாப்பா ஒளிச்சு வந்திருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா கொஞ்சம் மெதுவாச் சொல்லியிருப்பேன்."

"அது கெடக்கட்டும், பாய். எம் மகளுக்கு அப்பன் இல்லையா? எங்க ஆத்தா பேரை ஊரு பூராவும் சொல்லிட்டீக. தோட்டத்துல வேலை பார்த்த ஆளுக பூரா எம் முகத்தையே பார்க்கிறாக."

அவனுக்கு வலித்த இடம் எது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. பாய் சிரிக்கவில்லை.

"பெத்தவுக பேரு ரேஷன் கார்டுல இருக்கு, தம்பி. நான் அனுப்புனவுக பேரைத்தான் சொல்லுவேன். நீங்க அனுப்புங்க, தேனி வரைக்கும் கேக்குற மாதிரி சொல்றேன்."

"அனுப்பாட்டி?"

"அனுப்பாட்டி பாப்பா பேரே வராதே. அதை நான் எப்பிடிச் சொல்ல?"

காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் முருகேசன் பைக்கை வெளியே எடுத்து நிறுத்தி, "ஏத்தா ரஞ்சனி, ஷூவை எடு" என்றான். நான் பின்னாலேயே பஸ் பிடித்துப் போனேன். கம்பத்தில் பாய் நோட்டோடு வந்து அவளிடம் அதே கேள்வியைக் கேட்டார். அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"முதலில் அப்பத்தா பேச்சியம்மாள் அனுப்பி, இப்போது அப்பா முருகேசனும் சேர்ந்து அனுப்பியிருக்கும் ரஞ்சனி" என்று மைக் சொன்னது. முருகேசன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வியர்வை என்றான். மாவட்ட அணிக்கு அன்றே அவள் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

பிறகொரு நாள் சின்னமனூரில், மேகமலை தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து இறங்கி வந்த ஒரு பெண்ணிடம் அவர் இதையே கேட்டார். "யாரும் அனுப்பலை, நானாத்தான் வந்தேன்" என்று அவள் தலையைக் குனிந்தாள். பாய் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு மைக்கில், "தன்னைத் தானே அனுப்பிக்கொண்டு மலையிறங்கி வந்தவர்" என்று சொல்லி அவள் பெயரைச் சொன்னார். அன்று அதிகக் கைதட்டு அவளுக்குத்தான்.

ஐந்தாம் வகுப்பில் வருகை எடுத்தபோது என் முழுப் பெயரைக் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு நான் மதினி, ஆத்தா, அப்பத்தா என்றுதான் இருந்தேன். பேச்சியம்மாள் என்று ஊருக்கே கேட்கச் சொன்னவர் காதர் பாய் ஒருவர்தான். அந்தக் குரலில் என் பெயர் எனக்கு இன்னும் கேட்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.

கபடி சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். சுவரில் நீங்கள் ஒட்டியிருப்பது அவருடைய ஆதார் படம். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு இருக்கிறார். அப்படி அவரை நாம் யாரும் பார்த்ததில்லை. மைக்கைப் பிடித்து வாய் திறந்திருக்கும் படம் யாரிடமாவது இருக்கும். அதை வாங்கி, இதை எடுத்துவிட்டு ஒட்டுங்கள். அடியில் அவர் பெயரைப் போடுங்கள். படத்தை அனுப்பியவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.