மந்தி மலையில் ஒரு அஸர் நேரம்

உள்ளான் குருவிகளைப் படம்பிடிக்கப் போனவள் நான். பாறையில் ஏறிக் காணாமல் போனவர் என் கணவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் தலைகீழாகத்தான் கதைக்கிறார்கள். "கமராவத் தூக்கிக்கிட்டுப் போய் மனிசனக் காட்டுக்குள்ள போட்டுட்டா" என்று என் காதுபடவே சொன்னவர்களும் இருக்கிறார்கள்.

கல்முனைக்குடியிலிருந்து ஒரு பெண் கழுத்தில் கமராவோடு தனியாகப் பொத்துவிலுக்குப் போகலாம். ஆனால் அவள் வீடு திரும்ப முதல் அவளைப் பற்றிய கதை வந்து சேர்ந்துவிடும். அதனால் பாடசாலை விடுமுறையில் ஒரு நாள் அவர் கடையைப் பூட்டிவிட்டு என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். எங்கள் பக்கத்தில் பலரையும் போல நானும் கணவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். குருவிகள் பற்றி மச்சானுக்கு ஒரு சுக்கும் தெரியாது.

காலையில் பொத்துவில் களப்பு எனக்கு அள்ளிக் கொடுத்தது. எங்கோ குளிர் நாடுகளிலிருந்து வந்த உள்ளான்கள் சேற்றில் குறுக்கும் மறுக்கும் ஓடின. ஊசிவால் வாத்துகள் வரிசையாக மிதந்தன. நான் முழங்கால் வரைக்கும் சேற்றில் நின்றேன். அவர் மர நிழலில் இருந்தபடி, வீட்டிலிருந்து கொண்டுவந்த இடியப்பத்தைப் பிரித்துக்கொண்டே, "இவ்வளவு தூரம் பறந்து வந்தது இந்தச் சேத்தத் தின்னவா புள்ள?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பில் கை ஆடிப் படம் கெட்டது.

பகலுக்குப் பிறகு காட்டுப் பக்கம் திரும்பினோம். அங்கே தனியாக நிற்கும் பாறை மலையில் மந்திகளும் கொண்டை வைத்த இராசாளியும் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். அடிவாரத்தில் வயல் காவலுக்கு இருந்த ஒருவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "பின்னேரம் ஆனை தண்ணிக்கு இறங்கும் தங்கச்சி. வெயில் சாய முதல் கீழ வந்துருங்க. மறுகா இந்தப் பாதையால ஒருத்தரும் வரமாட்டம்" என்றார். நாங்கள் ஓம் என்று தலையாட்டிவிட்டு ஏறினோம்.

பாதி மலையில் இராசாளி கிடைத்தது. பட்ட மரத்தின் உச்சியில் அது இருக்க, நான் கமரா முக்காலியை நட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். மச்சானுக்கு ஓரிடத்தில் இருக்கப் பொறுமை இல்லை. "மேல கூடு மாதிரி ஒண்டு தெரியுது, பாத்துட்டு வாறன்" என்றார். ஏறும்போது விழுந்துவிடும் என்று கைத்தொலைபேசியை என் பையில் போட்டார். சீனி வருத்தக்காரரான அவருக்கு உடம்பில் சீனி இறங்கினால் வாயில் போட வைத்திருக்கும் டொபியும் அதே பையில்தான் கிடந்தது. நான் கமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

இராசாளி பறந்து போய் நெடுநேரமாயிற்று. மச்சான் வரவில்லை.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நாலு பேச்சை நாக்கு நுனியில் ஆயத்தமாக வைத்துக்கொண்டு இருந்தேன். பிறகு மேலே மந்திகள் ஒரேயடியாகக் குரைக்கத் தொடங்கின. புலியையோ கரடியையோ கண்டால்தான் அவை அப்படிக் கத்தும் என்று வாசித்திருக்கிறேன். "மச்சான்!" என்று கத்தினேன். "மச்சான்" என்று எதிர்ப்பாறை சொன்னது. அவர்தான் என்று நினைத்து இரண்டு முறை ஏமாந்தேன்.

கமராவைக் கழற்றி எடுத்து, குருவி தேடும் அதே வில்லையால் மலை முழுக்கத் தேடினேன். பாறை, கள்ளி, மந்தி, மறுபடியும் பாறை. அப்போது ஒரு விளிம்பில் செருப்பு தெரிந்தது. கிட்ட இழுத்துப் பார்த்தேன். பெருநாளைக்கு நான் வாங்கிக் கொடுத்த மண்ணிறச் செருப்பு, ஒற்றையாகக் கிடந்தது.

நாலு காலில் தவழ்ந்துதான் அங்கே ஏறினேன். விளிம்புக்கு அப்பால் பாறை பல இடங்களில் பிளந்து கிடந்தது. எந்தப் பிளவுக்குள் என்று யார் சொல்வது? ஒவ்வொன்றிலும் குனிந்து கூப்பிட்டேன். உள்ளே இருட்டு. என் குரல் மட்டும் திரும்பி வந்தது. பின்னேரத் தொழுகையான அஸருக்கு நேரமாகி, வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. கீழே ஓடி அந்த வயல் காவல்காரரைக் கூட்டி வந்தால் இந்த இடத்தை மறுபடி கண்டுபிடிப்பேனா? அதற்குள் யானை பாதையை மறித்தால் விடியும் வரைக்கும் ஒருவரும் வர மாட்டார்கள். பகல் சாப்பாடும் சரியாகச் சாப்பிடாத சீனி வருத்தக்காரர் விடியும் வரை கிடக்க மாட்டார். எனக்கு அது நன்றாகத் தெரியும். "யா அல்லாஹ், குருவியும் வேணாம், படமும் வேணாம், என்ட மனிசன மட்டும் தா" என்று பாறையில் தலையை முட்டி அழுதேன்.

சுழல்காற்று அடித்தால், வெள்ளம் வந்தால், எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு, பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கைச் சொல்வார்கள். தொழுகைக்கு இல்லை, தாங்க முடியாத பயத்துக்கு. சொல்வது ஆண்கள்தான். பெண்கள் உள்ளே இருந்து வாய்க்குள் ஓதுவோம். அந்த மலையில் சொல்வதற்கு ஆண் யாரும் இல்லை. நான் எழும்பி நின்று, கேட்டுப் பழகிய மாதிரியே இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு, "அல்லாஹு அக்பர்" என்று தொடங்கினேன்.

குரல் கிழிந்தது. ஒவ்வொரு வரி முடியவும் விரலை எடுத்துவிட்டுக் கேட்டேன். சொன்ன வரி அப்படியே திரும்பி வந்தது. பாங்கு கேட்பவர் அதே சொல்லைத் திருப்பிச் சொல்வதுதான் எங்கள் வழக்கம். ஆனால் பாறையும் அதைத்தானே செய்கிறது? வரி வரியாகச் சொன்னேன், வரி வரியாகப் பாறை சொன்னது. எனக்கு நம்பிக்கை அற்றுப் போனது.

"ஹய்ய அலஸ்ஸலாஹ்" என்றேன். தொழுகைக்கு வாருங்கள் என்ற வரி. பாறையும் வாருங்கள் என்றது. இப்படி வாருங்கள் என்று அழைக்கிற வரி வந்தால் மட்டும் கேட்கிற மனிதர் அதைத் திருப்பிச் சொல்வதில்லை, வேறு சொல்லால் பதில் சொல்வார். பாறையின் சத்தம் அடங்கியது. அதற்குப் பின்னால், என் இடது பக்கத்துப் பிளவின் அடியிலிருந்து, ஈனக்குரலில் ஒன்று வந்தது.

"லா ஹவ்ல வலா குவ்வத்த இல்லா பில்லாஹ்."

அல்லாஹ்வைக் கொண்டே தவிர எந்தப் பலமும் இல்லை. பாறைக்கு அந்தப் பதில் தெரியாது. நான் அப்படியே குப்புறப் படுத்து, பிளவுக்குள் தலையை விட்டு, "மச்சான், மச்சான்" என்று அலறினேன்.

"கால் மடங்கிப் போச்சு புள்ள. மயங்கிக் கிடந்தன், பாங்கு கேட்டுத்தான் முழிச்சன். கண்ண இருட்டிக்கிட்டு வருது" என்றார் உள்ளே இருந்து. "நீ நிப்பாட்டாத. மீதியையும் சொல்லு. நித்திரையாகிருவன் போல இரிக்கி."

டொபியை ஒவ்வொன்றாகக் குரல் வந்த இருட்டுக்குள் போட்டு, அடியில் தாள் பிரிக்கும் சத்தம் கேட்கக் கேட்க நான் மீதியையும் சொன்னேன்.